சதுரம் உள்ளேயா, வெளியேயா

தம்பி,

நீயும் பவித்ராவும் பெங்களூருக்குக் குடித்தனம் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது என்று உன் அம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. என் தலைக்குள் சத்தம் இன்னும் அடங்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நடந்த அந்தக் குழப்பத்தில் உன் காதுக்கு வந்ததெல்லாம் போன் வழியாக வந்த பாதிதான். இங்கே நம் வீட்டு வாசலில் என்ன நடந்தது, பொம்மிடியில் பவித்ரா என்னிடம் என்ன சொன்னாள் என்பதெல்லாம் உனக்குத் தெரியாது. கல்யாண வேலையில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. நேரில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து, "அப்பிடி இல்லப்பா, சரியாச் சொல்லணும்னா" என்று திருத்துவாய். கடிதத்தில் நடுவில் புக முடியாது. அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்து, மரவள்ளியும் மஞ்சளும் போட்டுப் பிழைத்தவன் எழுதுகிறேன். எங்காவது உனக்கு விளங்காமல் போனால், அந்த இடம் எனக்கும் விளங்கவில்லை என்று வைத்துக்கொள்.

உங்கள் மொழியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். பொம்மிடியிலிருந்து அரூர் போகும் பஸ்ஸில் அவள் முதலில் ஏறுவாள், பாதி வழியில் நம் ஊரில் நீ ஏறுவாய். ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகள். கண்டக்டருக்கும் மற்றவர்களுக்கும் புரியாமல் பேச ஒரு மொழி வேண்டும் என்று நீங்களே ஒன்றைக் கட்டினீர்கள். அவள் வீட்டில் பேசுவது தெலுங்கு. அவளுடைய 'நுவ்வு'வையும் நம்முடைய 'நீ'யையும் சேர்த்து அதற்கு நூவி என்று பேர் வைத்தீர்களாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். பிள்ளை விளையாட்டு, மீசை வந்தால் போய்விடும் என்று நினைத்தேன். நீ பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாய், அவள் தருமபுரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த மொழி போகவில்லை. போலந்தில் ஒரு பெண்ணும் பிரேசிலில் ஒரு வாத்தியாரும் கம்ப்யூட்டரில் பார்த்து அதைப் படிக்கிறார்கள் என்று ஒரு தீபாவளிக்கு நீ சொன்னபோது நான் நம்பவில்லை. நம்மிடம் இருக்கும் மொழிகளையே சரியாகப் பேச ஆளில்லாத காலத்தில், பஸ்ஸில் செய்த மொழிக்குப் போலந்தில் ஆளா?

அந்தத் தீபாவளியன்றுதான் நீ சாப்பாட்டு மேசையில் உன் அம்மாவின் வளையல், ஒரு தட்டு, ஒரு பந்து மூன்றையும் வைத்து, "இதுல எது வட்டம்?" என்று கேட்டாய். "மூணும் ரவுண்டுதான், எடுத்து ஓரமா வெச்சுட்டு சாப்புடு" என்றாள் அம்மா. நீ விடவில்லை. வளையலுக்கு ஓரம் மட்டும் இருக்கிறது, தட்டுக்கு உள்பக்கமும் இருக்கிறது, பந்து எல்லாப் பக்கமும் உருண்டை, மூன்றுக்கும் ஒரே சொல் எப்படி ஆகும் என்றாய். நூவியில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு சொல், ஒவ்வொரு சொல்லுக்கும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாத ஒரு விளக்கம், அதுதான் இப்போது நடக்கும் வேலை என்றாய். அம்மா வளையலை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நான் தட்டில் இட்லி வைத்துச் சாப்பிட்டேன். ஆனால் உன் முகத்தில் இருந்த தவிப்பு எனக்கு மறக்கவில்லை. ஒரு சொல்லைத் தப்பாக எடுத்துக்கொள்வதில் இவனுக்கு என்ன இவ்வளவு பயம் என்று யோசித்தேன்.

அந்தப் பயத்துக்கு நான்தான் காரணம் என்று உன் அம்மா சொல்கிறாள். நீ முதன்முதலாகப் பவித்ராவைப் பற்றிச் சொன்னபோது நான் "பாக்கலாம்" என்றேனாம். நீ அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டு அவளிடம் சொல்லிவிட்டாய். அவர்கள் வீட்டில் எங்களை எதிர்பார்த்துப் பல மாதம் காத்திருந்து மனம் நொந்திருக்கிறார்கள். 'பாக்கலாம்' என்றால் நம் பக்கத்தில் 'இப்போதைக்கு வேண்டாம்' என்று அர்த்தம், அது இவனுக்குத் தெரியாதா என்று நான் கேட்டேன். "பாக்கலாம்னா பாக்கலாம்னுதாங்க அர்த்தம்" என்றாள் உன் அம்மா. இதில் யார் சரி என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

கடைசியில் போய்ப் பார்த்தோம், பிடித்தது, தாம்பூலம் மாற்றினோம். அன்றைக்கு உன் பெரியம்மா பவித்ராவின் தாடையைத் தொட்டு, "இனிமே நீ எங்க வூட்டுப் பொண்ணு. தெலுங்கையெல்லாம் இங்கயே மூட்டை கட்டி வெச்சுட்டு வந்துரணும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பவித்ராவும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

பிறகு, கார்த்திகையில், அரூரில் அச்சகத்தில் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த சமயம் உன் போன் வந்தது. "பத்திரிகையக் கொஞ்சம் நிறுத்தி வைங்கப்பா." ஏண்டா என்றேன். "ஒரு விளக்கம் முடிவாகல." நான் ஏதோ ஜாதக விளக்கம் என்று நினைத்து, ஜோசியரைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய்.

அடுத்த சில நாளில், காலையில் மஞ்சளுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஒரு கார் நின்றது. பவித்ராவின் அப்பாவும் அவளுடைய தாய்மாமனும் இறங்கினார்கள். உள்ளே வாங்க சம்பந்தி என்றேன். "சம்பந்தியா இல்லியான்னு பேசிட்டு வரோங்க" என்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"எத்தனை சதுரங்க?" என்று கேட்டார்.

"என்னதுங்க?"

"எத்தனை சதுரம் வேணும்னு நேரா எங்கிட்டயே கேட்டிருக்கலாமில்லைங்க? பையனை வுட்டு பொண்ணுகிட்டக் கேக்க வெக்கறது என்னங்க பழக்கம்?"

தம்பி, நூறு சதுர அடியைத்தான் கட்டட வேலையில் ஒரு சதுரம் என்கிறோம், உனக்கே தெரியும். மனிதர் வீடு கட்டப்போகிறார், என்னிடம் யோசனை கேட்கிறார், ஏன் இவ்வளவு கோபமாகக் கேட்கிறார் என்பதுதான் தெரியவில்லை என்று நினைத்தேன். "அது உங்க வசதிங்க. ரெண்டு பெட்ரூம் வரணும்னா பத்து சதுரமாவது வேணுமில்லைங்க" என்றேன்.

தாய்மாமன் துள்ளினார். "பாத்தீங்களா மாமா! வாயத் தொறந்து கேட்டுட்டாரு!"

என் காலடியில் என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "நாங்க எதுவும் வேண்டாம்னு தாம்பூலம் மாத்தறப்பவே சொல்லிட்டமேங்க. இப்ப என்னங்க ஆச்சு?" என்றாள். அப்புறம்தான் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பவித்ரா போனில் அழுதுகொண்டே யாரிடமோ, "சதுரமும் உள்ள வரணும்னு அவரு ஒத்தைக் கால்ல நிக்கறாரு, நான் முடியாதுன்னுட்டேன்" என்று சொன்னதை அவளுடைய அம்மா கேட்டிருக்கிறார். நகை போட்டு, கல்யாணமும் செய்து கொடுத்து, சதுரமும் உள்ளே வர வேண்டுமா என்று அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை.

உனக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "டேய், அந்தப் பொண்ணுகிட்டச் சதுரம் கேட்டியா?"

"கேக்கலப்பா. சதுரம் செவ்வகத்துக்குள்ள வரும்னுதான் சொன்னேன். அவதான் வராதுங்கறா."

"எந்த மனைங்க அது? எந்தப் பக்கம்?" என்றார் தாய்மாமன் போனுக்குள் குனிந்து.

"மனை இல்லைங்க மாமா. பொதுவாச் சொல்றேன்."

"பொதுவான்னா? இருக்கற மனை எல்லாமேவா?"

உன் அம்மாதான் முதலில் பிடித்தாள். "டேய், கணக்குப் பாடத்துல படம் போட்டிருப்பானே, அந்தச் சதுரமா?" என்றாள். "அதேதாம்மா" என்றாய் நீ. பவித்ராவின் அப்பா அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "வீடுன்னா கடனை உடனை வாங்கிக் கட்டிக் குடுத்துரலாங்க. இதுக்கு என்னங்க பண்றது? எம் பொண்ணு சரியாச் சாப்புடறதே இல்லைங்க" என்றார். வந்த கோபத்தோடேயே அவர் போயிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் நான் மட்டும் பொம்மிடிக்குப் பஸ் ஏறினேன். உன் அம்மா, அச்சகத்தில் கொடுத்த மாதிரிப் பத்திரிகை அட்டைகளைப் பையில் வைத்துவிட்டாள், வெறுங்கையோடு போனால் சண்டைக்குப் போனது போல இருக்குமாம். பவித்ரா லீவு போட்டு வீட்டில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். என்னம்மா இது, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றேன். அவள் அந்த அட்டைகளையே எடுத்துப் பரப்பினாள்.

"இதை என்னன்னு சொல்வீங்க மாமா?"

"சதுரம்."

"இதை?"

"நீட்டம்."

"நீட்டக் கார்டுன்னு சொல்லிட்டு வந்து, அச்சகத்துல இந்தச் சதுரக் கார்டைக் குடுத்தா வாங்கிக்குவீங்களா?"

"மாட்டேன்."

"அதாங்க மாமா நான் சொல்றது. நூவியில தமோன்னா நீட்டமா இருக்கறது, பிலுன்னா சதுரம். ரெண்டும் வேற வேற. கேக்கறவங்க மனசுல எது வருதோ அதுதானே அந்தச் சொல்லு?"

நான் முழுக்க அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஆனால் முந்தின நாள் போனில் நீ சொன்னதும் காதில் இருந்தது. தமோ என்றால் நான்கு மூலையும் நேராக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. சதுரத்துக்கும் நான்கு மூலையும் நேராகத்தானே இருக்கிறது, அதை எந்த நியாயத்தில் வெளியே தள்ளுவது, ஒன்றை வெளியே தள்ளுவதற்காகவே விளக்கத்தில் ஒரு வரி சேர்ப்பது அசிங்கம் என்றாய். அதுவும் சரியாகத்தான் இருந்தது. ஒருவர் சரி என்றால் மற்றவர் தப்பாக இருக்க வேண்டும் அல்லவா? இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கும்போது நடுவில் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான்? அட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் எது சதுரம் என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

"அவரு சொல்றது தப்புன்னு நான் சொல்லலைங்க" என்றாள். "நூவி அகராதி நாங்க ரெண்டு பேரும் உக்காந்து எழுதினது. வேலைக்குப் போயிட்டு வந்து பாக்கறேன், என் வரியைக் காணோம். அவரு வரி இருக்குது. போலந்துக்காரங்களுக்கு அதான் தெளிவா இருக்குமாம்." அப்புறம் அட்டையைப் பார்த்தபடி சொன்னாள், "எல்லாத்தையும் ஒன்னுக்குள்ள ஒன்னு அடக்கிட்டா, உள்ள இருக்கறது தனியா ஒன்னு இருக்குதுங்கறதையே மறந்துருவாங்க மாமா."

சமையலறையில் அவளுடைய அம்மா யாரிடமோ தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் திடீரென்று உன் பெரியம்மா சொன்ன மூட்டை ஞாபகம் வந்தது. இந்தப் பெண் சதுரத்தைச் சொல்கிறாளா, தன்னைச் சொல்கிறாளா? "ஏம்மா, அன்னிக்கு உங்க பெரியத்தை சொன்னதை மனசுல வெச்சிருக்கியா?" என்று கேட்டேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைங்க மாமா" என்றாள் உடனே. அப்புறம் கண் நிறைந்துவிட்டது. "இருக்குதோ என்னமோ. எனக்கே தெரியலைங்க."

அவளுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? கடைசியாக, கேட்கக் கூடாதது என்று தெரிந்தும் கேட்டேன். "கல்யாணம் வேணுமா, வேண்டாமாம்மா?" அவள் என்னைப் புதுசாகப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அது வேணுங்க மாமா. அது வேற, இது வேற." திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அது வேற என்றால் பத்திரிகையை ஏன் நிறுத்த வேண்டும்? இது வேற என்றால் ஏன் அழ வேண்டும்? அரூர் பஸ் ஸ்டாண்டில்தான் கண்டக்டர் என்னை எழுப்பாத குறையாக இறக்கிவிட்டார். நம் ஊர் தாண்டிப் போயிருந்தது.

உன்னிடம் நான் இதில் எதையும் சொல்லவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பொம்மிடி ஸ்டேஷனில் வந்து இறங்கு என்று மட்டும் சொன்னேன். அவளையும் அங்கேயே வரச் சொன்னேன், வீட்டில் வைத்துப் பேசினால் தாய்மாமன் மறுபடியும் மனையைப் பற்றிக் கேட்பார். நீங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தீர்கள், நான் தள்ளி இன்னொரு பெஞ்சில். நீங்கள் நூவியில் பேசினீர்கள். அதுவரை நான் அந்த மொழியை முழுசாகக் கேட்டதே இல்லை. தமோ, பிலு என்ற இரண்டு சொல்தான் அவ்வப்போது தெரிந்தது. மற்றதெல்லாம் தண்ணீர் ஓடுவது போல. சேலம் போகும் வண்டி வந்து நின்று போனது, கூட்டம் ஏறி இறங்கியது, நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு சமயம் அவள் குரல் உயர்ந்தது. நீ தலையைக் குனிந்துகொண்டாய். பிறகு நீ வெகுநேரம் மெதுவாகப் பேசினாய். அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். என் மகன் அவ்வளவு நேரம் ஒருவரிடம் பேசி நான் பார்த்ததில்லை, எங்களிடம் தமிழில் நீ நாலு வரிக்கு மேல் பேசியதில்லை. என்ன சொல்கிறாய் என்று தெரியாமல், ஆனால் மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல்கிறாய் என்று மட்டும் தெரிந்து, நான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

எழுந்து வந்தேன். முடிஞ்சுதா என்றேன்.

"இல்லப்பா."

"இன்னும் இல்லைங்க மாமா."

"அப்புறம் என்னத்துக்குடா சிரிச்சீங்க?"

நீ அவளைப் பார்த்தாய். "சொன்னா தமிழ்ல வராதுப்பா" என்றாய். எனக்குக் கோபமும் வந்தது, மூச்சும் வந்தது. பத்திரிகை அடிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க மாமா. நீட்டக் கார்டே இருக்கட்டும்" என்றாள் பவித்ரா. நீ வாயைத் திறந்தாய், பிறகு மூடிக்கொண்டாய். அன்றைக்கு நீ செய்த நல்ல காரியம் அதுதான்.

தையில் கல்யாணம் நன்றாகவே நடந்தது. உன் பெரியம்மா மறுபடி எதையும் சொல்லிவிடாமல் உன் அம்மா மேடையில் பக்கத்திலேயே நின்றுகொண்டாள், அது உனக்குத் தெரிந்திருக்காது. அந்த அகராதியில் இப்போது யார் வரி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனாலும் அவள் எழுதிய வரியை அவளைக் கேட்காமல் எடுக்காதே. எழுதியவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் எடுக்கவே எடுக்காதே. உன் அம்மா "சும்மாதான் இருக்கேன்" என்று ஒரு சொல் சொல்வாள். கோபம் என்றாலும் அதுதான், உடம்பு முடியவில்லை என்றாலும் அதுதான், நிஜமாகவே சும்மா இருந்தாலும் அதுதான். விளக்கம் தெரியாத அந்த ஒரு சொல்லோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திவிட்டேன். எப்படி என்றால், ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்பேன். சில நாள் பதில் வரும், சில நாள் வராது. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இனி, நீங்கள் கிளம்பிய அன்றைக்கு நடந்தது. நீ சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது பவித்ரா கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். நூவியில் உறவுமுறைக்குச் சொல்லே கிடையாதாம். ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளுக்கு பஸ்ஸும் கண்டக்டரும் நட்சத்திரமும் கோணமும்தான் தேவைப்பட்டன, மாமனார் மாமியார் தேவைப்படவில்லை. "இப்பத் தேவைப்படுதுங்க. விளக்கத்தை நீங்களே சொல்லுங்க" என்றாள். உன் அம்மா யோசிக்கவே இல்லை. "புருசனைப் பெத்தவ. எழுதிக்கோ" என்றாள். என் முறை வந்தது. நான் நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, "அப்பா மாதிரி" என்றேன்.

அவள் விரல் நின்றது. "அப்பா மாதிரின்னா, அப்பாங்கறதுக்கு உள்ள வருமா மாமா, இல்ல வெளியவா?"

நீ பெட்டியோடு கதவருகே நின்றிருந்தாய். திருத்த வரவில்லை. நான் வண்டி வந்துவிட்டது பாருங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அதிலிருந்து யோசிக்கிறேன். பொம்மிடியிலிருந்து வந்த ஒரு மனிதர், மகள் சரியாகச் சாப்பிடவில்லை என்று காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இருக்கும் சொல்லுக்குள் நான் எப்படிப் போய் உட்காருவது? அது நியாயமா? சரி, வெளியே என்று சொல்லிவிடலாம் என்றால், உங்கள் வண்டி திரும்பும்போது அவள் கையைக் காட்டினாளே, அப்போது எனக்கு வந்தது வெளியே இருப்பவனுக்கு வருவதில்லை.

அவளிடம் சொல், உள்ளேயே போட்டுக்கொள்ளட்டும். தனியாக ஒரு பேரும் இருக்கட்டும். இரண்டும் எப்படிச் சேர்ந்து இருக்கும் என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. பேரை அவளே வைக்கட்டும். நீ அதில் கை வைக்காதே.

உன் அப்பா